போர்ன்வில்லில் வீடு: ஃப்ரீஹோல்ட்தானே, முன்வேலியை எடுத்துவிடலாமா?

கேள்வி, 6 செப்டம்பர் 2025

பர்மிங்காமில் போர்ன்வில் பகுதியில் ஒரு செமி டிடாச்டு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய) வீடு பார்த்திருக்கிறோம். மூன்று படுக்கையறை, பின்னால் நீளமான தோட்டம், விலை 4 லட்சம் பவுண்டு. முன்னால் இடுப்புயரத்துக்குச் செடிவேலி இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கல் பாவினால் இரண்டு கார் தாராளமாக நிற்கும். ஃப்ரீஹோல்ட், அதாவது நிலமும் சேர்த்து முழுச் சொந்தம் என்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்கிறார் ஏஜென்ட். அங்கே குடியிருக்கும் நம்மவர் யாராவது உண்டா? வாங்கலாம்தானே?

6 செப்டம்பர், இரவு

நான் இருக்கிறேன் தம்பி, ஏழு வருடமாக. ஏஜென்ட் சொன்னதில் பாதி சரி. ஃப்ரீஹோல்ட் என்பது உண்மையாக இருக்கும். யாரையும் கேட்க வேண்டாம் என்பது தப்பு. பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

வீடு போர்ன்வில் எஸ்டேட்டுக்குள் இருந்தால், வெளித்தோற்றத்தில் எதை மாற்றுவதற்கும் முன்னதாகப் போர்ன்வில் வில்லேஜ் டிரஸ்டுக்கு விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஜன்னல், வாசல் கதவு, நீட்டிப்பு, முன்வேலி எல்லாம் அதில் அடக்கம். கவுன்சிலின், அதாவது உள்ளாட்சியின் திட்ட அனுமதி வேறு. ஒன்று கையில் இருப்பதால் இன்னொன்று வந்துவிடாது.

வேலியை எடுத்தே தீருவேன் என்றால் வேறு வீடு பாருங்கள். மீதியை நாளை எழுதுகிறேன். இன்று இரவுப் பணி.

7 செப்டம்பர்

நேற்று எழுதியதில் ‘எஸ்டேட்டுக்குள் இருந்தால்’ என்று போட்டிருந்தேன். அதுதான் முதல் கேள்வி. பி30 என்ற அஞ்சல் குறியீட்டுக்குள் போர்ன்வில்லும் இருக்கிறது, ஸ்டர்ச்லியும் இருக்கிறது, காட்டரிட்ஜும் இருக்கிறது. விளம்பரத்தில் எல்லாமே போர்ன்வில் ஆகிவிடும். நம் ஊரில் ஸ்ரீரங்கத்துக்கு மிக அருகில் என்று மனை விற்பார்களே, அதே கதை.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசுத் தளத்தில் அந்த வீட்டின் உரிமைப் பதிவேட்டு நகலை 7 பவுண்டு கட்டி இறக்கிக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் யாருடைய வீட்டுக்கும் எடுக்கலாம், சொந்தக்காரரிடம் கேட்க வேண்டாம். நம் வில்லங்கச் சான்றிதழும் பட்டாவும் ஒரே தாளில் வந்த மாதிரி இருக்கும். அதில் மூன்றாவது பகுதிதான் முக்கியம். அடமானமும், அந்த மனையை வாங்குகிறவர் மேல் ஏற்கனவே ஏற்றி வைத்திருக்கும் கட்டுப்பாடுகளும் அங்கேதான் இருக்கும். கூகுளில் தேடினால் மேலே வரும் தனியார் தளங்கள் இதே தாளுக்கு மூன்று நான்கு மடங்கு பிடுங்கும். அரசுத் தளத்துக்கே போங்கள்.

வீட்டை இரண்டாம் முறை பார்க்கப் போவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். நாங்கள் செய்யவில்லை. அந்தக் கதை அப்புறம்.

7 செப்டம்பர், மறுபடியும்

“என் பணம் போட்டு என் வீடு வாங்கிய பிறகு இன்னொருவரிடம் ஏன் கேட்க வேண்டும்?” என்று மில்டன் கீன்ஸ் நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. நானும் 2018இல் இதையே கேட்டுக் கொதித்தேன்.

கேட்பரி சகோதரர்கள் தங்கள் சாக்லேட் ஆலையை 1879இல் நகரத்தின் நடுவிலிருந்து இங்கே மாற்றினார்கள். அப்போது இது வயல்காடு. அப்புறம் ஜார்ஜ் கேட்பரி சுற்றியிருந்த நிலத்தை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தார். ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் கட்டிய லைன் வீடுகள் இல்லை அவை, வெளியாட்களும் குடிவந்தார்கள். கட்டடக் கலைஞர் வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வி. வீடு தன் மனையில் கால் பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது என்பது விதி. மீதி முக்கால் பங்கும் தோட்டம். 1900இல் நிலத்தையும் வீடுகளையும் ஒரு டிரஸ்டுக்கு எழுதிவைத்துவிட்டார். அதுதான் போர்ன்வில் வில்லேஜ் டிரஸ்ட்.

அந்தக் காலத்தில் இங்கே பல வீடுகள் நீண்ட குத்தகையில் கொடுக்கப்பட்டவை. குத்தகைக்காரர் நிலத்தையும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று 1967இல் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் வந்தது. எல்லோரும் நிலத்தை வாங்கிவிட்டால் ஆளாளுக்கு ஒரு மாதிரி இடித்துக் கட்டுவார்களே? அதற்காக அதே சட்டத்தில் 19ஆம் பிரிவு. பழைய நிலச் சொந்தக்காரர் ஒரு நிர்வாகத் திட்டம் போட்டு, விற்ற பிறகும் தோற்றத்தின் மேல் பிடி வைத்துக்கொள்ளலாம். லண்டனில் ஹாம்ஸ்டெட் கார்டன் சபர்ப், டல்விச், வடக்கே லெட்ச்வொர்த் எல்லாம் இதே வகைதான்.

சுருக்கமாகச் சொன்னால் கிரயம் உங்கள் பேரில், முகப்பு தெருவின் பேரில்.

9 செப்டம்பர்

முத்திரைத்தாள் வரி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் வீடு வாங்குகிறவர் என்றால் 4,25,000 பவுண்டு வரை வரி கிடையாது. ஆக உங்களுக்குச் சுழியம். கொண்டாடுங்கள்.

9 செப்டம்பர், ஒரு மணி நேரம் கழித்து

கொண்டாடாதீர்கள். ஹாரோவிலிருந்து ஒரு அக்கா காதைத் திருகிவிட்டார், சரியாகத்தான் திருகினார். 4,25,000 என்பது இந்த ஆண்டு மார்ச் 31 வரைதான். ஏப்ரல் 1 முதல் பழையபடி 3 லட்சம் வரைதான் விலக்கு. அதற்கு மேல் 5 லட்சம் வரை உள்ள பகுதிக்கு 5 சதவீதம். விலை 5 லட்சத்தைத் தாண்டினால் முதல் வீட்டுச் சலுகையே கிடையாது. 4 லட்சம் பவுண்டு வீட்டுக்கு வரி 5,000.

மேலே எழுதியதை அழிக்காமல் விடுகிறேன். வரி விஷயத்தில் என் ஞாபகத்தை நம்பக் கூடாது என்பதற்கு அத்தாட்சியாக இருக்கட்டும்.

12 செப்டம்பர்

தம்பி, “தாம்பரத்தில் ஒரு ஃபிளாட் இருக்கிறது, அது கணக்கில் வராதுதானே” என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே. அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

வரும். முதல் வீடு என்றால் உலகத்தில் எங்குமே முதல் வீடு. தாம்பரமும் உலகத்தில்தான் இருக்கிறது. ஃபிளாட் உங்கள் பேரில் இருந்தால் சலுகை போச்சு. கணவன் மனைவி சேர்ந்து வாங்கும்போது ஒருவருக்கு ஏற்கனவே வீடு இருந்தாலும் இருவருக்கும் போச்சு.

இன்னொரு அடியும் இருக்கிறது. வேறு வீடு வைத்துக்கொண்டு இன்னொன்று வாங்கினால் முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதல் வரி. 2024 அக்டோபர் 31க்கு முன் அது 3 சதவீதமாக இருந்தது. இதிலும் வெளிநாட்டு வீடு சேர்த்தி. அந்த வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் தப்பிக்கலாம். இன்றைய விகிதத்தில் அது ஏறத்தாழ 47 லட்சம் ரூபாய். தாம்பரத்தில் ஃபிளாட் விலை என்ன என்று எனக்குச் சொல்ல வேண்டாம், உங்கள் சொலிசிட்டரிடம் (வக்கீலிடம்) சொல்லுங்கள்.

4 லட்சம் பவுண்டு வீட்டுக்குக் கணக்கு இப்படி வரும். முதல் வீடாக இருந்திருந்தால் 5,000. சலுகை இல்லாமல் சாதாரணமாக வாங்கினால் 10,000. தாம்பரம் கையில் இருக்கும்போது வாங்கினால் 30,000. ஃபிளாட்டை முன்பே விற்றுவிட்டு வாங்கினால் 10,000தான், ஆனால் முதல் வீட்டுச் சலுகை திரும்ப வராது.

எங்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. என் வீட்டுக்காரர், அதாவது கணவர் பேரில் மண்ணச்சநல்லூரில் இருந்தது வெறும் மனை. கருவேலம் முளைத்துக் கிடந்தது. கட்டாத மனை வீடு ஆகாது. ‘ஒரு அறையாவது போட்டு வையுங்கள்’ என்று மாமனார் பத்து வருடம் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் சோம்பேறிகளாக இருந்தது அந்த ஒரு தடவைதான் பயன்பட்டது.

13 செப்டம்பர்

பூர்வீக வீட்டில் அண்ணன் தம்பியோடு பங்கு இருந்தால்? மூன்று பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். வாரிசாக வந்த பங்கும் முதல் வீட்டுச் சலுகையைக் கெடுக்கும். கூடுதல் 5 சதவீதத்துக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் உண்டு: மூன்று வருடத்துக்குள் வாரிசாக வந்து, உங்கள் பங்கு பாதிக்கு மேல் போகாமல் இருந்தால் அது சேராது. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். நான் மருந்தாளுநர்.

14 செப்டம்பர்

ஆஃபர் ஏற்கப்பட்டுவிட்டது, இனிக் கவலையில்லை என்கிறீர்கள். ஐயோ.

நம் ஊரில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போட்டால் இரண்டு பக்கமும் கொஞ்சமாவது கட்டுப்படும். இங்கிலாந்தில் ஆஃபர் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் வாய் வார்த்தைதான். பைசா கைமாறாது. ஒப்பந்தம் பரிமாறும் நாள் வரை, அதாவது எக்ஸ்சேஞ்ச் வரை, யார் வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குத்தான் வழக்கமாக 10 சதவீதம் கட்டுவோம், அதற்கப்புறம் விலகினால் அந்தப் பணம் போகும்.

எங்கள் முதல் வீடு இதில்தான் போனது. கிங்ஸ் ஹீத்தில், ஒன்பது வாரம் ஓடி, கட்டடத்தின் நிலையைச் சோதிக்கும் சர்வே முடித்து, மார்ட்கேஜ் ஒப்புதலும் வந்த பிறகு இன்னொருவர் 8,000 கூட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஏஜென்ட் போன் செய்து ‘வருந்துகிறோம்’ என்றார். குரலில் வருத்தம் இல்லை. சர்வே, சொலிசிட்டர், தேடல் கட்டணம் என்று எங்களுக்கு 1,700 பவுண்டு போச்சு. அன்றிரவு வீட்டுக்காரர் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் படுத்தார். விற்றவர் செய்ததில் சட்டப்படி தப்பே இல்லை என்று பிறகு சொலிசிட்டர் விளக்கினார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆஃபர் ஏற்றதும் வீட்டை விளம்பரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கேளுங்கள். செய்வார்கள் என்று உறுதி கிடையாது, கேட்டவரை லாபம்.

20 செப்டம்பர்

சர்வே. பழைய வீடு என்றால் முழுக் கட்டட சர்வே எடுங்கள், மூன்றாம் நிலை என்பார்கள். வங்கி அனுப்புகிற மதிப்பீட்டாளர் வங்கிக்காக வருகிறவர். அவர் கூரை ஏறமாட்டார்.

எங்கள் அறிக்கை அறுபது பக்கம். எல்லாம் சிவப்பு. படித்தால் அந்த வீடு இன்றிரவு விழும் என்று தோன்றும். பதறாதீர்கள், எல்லா அறிக்கையும் அப்படித்தான் இருக்கும், பின்னால் வழக்கு வரக் கூடாது என்று எழுதுவது. அதில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது நாலைந்துதான் இருக்கும். சர்வேயருக்குப் போன் போட்டு, “உங்கள் மகள் வாங்குவதாக இருந்தால் எதைப் பார்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். எங்களுக்கு அவர் அறுபது பக்கத்தில் எழுதாததைப் பத்து நிமிடத்தில் சொன்னார்.

சொன்னது ஓதம். பின்சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம். ஓதத்துக்கு மருந்து அடிக்கிற கம்பெனி ஒன்று இலவசமாக வந்து பார்த்து, சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்ற 3,400 பவுண்டு கேட்டது. மருந்து விற்கிறவனிடம் நோய் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றா சொல்வான்? நானும் மருந்து விற்கிறவள்தான், அதனால் சொல்கிறேன்.

வேறொரு பழைய கொத்தனார் வந்து பார்த்தார். முன்பிருந்தவர் பின்பக்கம் உட்கார்ந்து டீ குடிக்கக் கல்தளம் போட்டிருந்தார். அந்தத் தளம் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு மேலே ஏறி, காற்றோட்டச் செங்கல்லையும் மூடியிருந்தது. வெளித்தரை அந்த அடுக்குக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். சுவரோரம் ஒரு அடி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து, மண்ணைத் தோண்டிச் சரளை கொட்டினார். 280 பவுண்டு. அடுத்த கோடையில் சுவர் காய்ந்துவிட்டது.

20 செப்டம்பர், சேர்க்கை

காய்ந்தது என்று பெருமையாக எழுதிவிட்டேன். மாடியில் வடக்கு மூலையில் பூஞ்சை இன்னும் வருடாவருடம் வருகிறது. அதற்குக் காரணம் நாங்கள்தான். வெளிச்சுவர் நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், குளிர்ந்து கிடக்கும். உள்ளே மூன்று வேளையும் சோறு வடிக்கிறோம், இட்லி அவிக்கிறோம், மழைக்காலத்தில் துணியை ரேடியேட்டர் மேல் போடுகிறோம். அத்தனை நீராவியும் போய் உட்கார அந்த மூலைதான் கிடைக்கிறது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கி வைத்தோம். ஜனவரியில் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் கொட்டுகிறேன். முதல் தடவை பார்த்தபோது வீட்டுக்காரர், “இவ்வளவையும் நாம்தான் சுவாசித்தோமா?” என்றார்.

21 செப்டம்பர்

வாஸ்து கேட்டவருக்கு: வாசல் தெற்குப் பார்த்தது. அம்மா ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் வந்து பார்த்தார், நவம்பரில். மத்தியானம் மூன்று மணிக்கு முன்னறையில் மட்டும்தான் வெயில் விழுந்தது. நாற்காலியை இழுத்து அங்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். தெற்கைப் பற்றி அதற்கப்புறம் பேச்சில்லை.

28 செப்டம்பர்

ஊர் எப்படி, பொழுது போகுமா? ரயில் நிலையம் முழுக்க சாக்லேட் உறை ஊதாநிறம். நகரத்தின் பெரிய ரயில் நிலையமான நியூ ஸ்ட்ரீட் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பல்கலைக்கழகமும் பெரிய ஆஸ்பத்திரியும் இரண்டாவது நிறுத்தம். நம்மவர் இந்தப் பக்கம் வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கோயிலுக்கு டிவிடேல் பாலாஜி, காரில் அரைமணிக்கு மேல் ஆகும். தோசை மாவும் கறிவேப்பிலையும் வாங்க வேறு பக்கம் போக வேண்டும். இங்கே கிடைக்காது என்று தெரிந்தே வாருங்கள்.

பப் கிடையாது. கேட்பரி குடும்பம் குவேக்கர் சமயத்தார், மதுவை ஒதுக்கியவர்கள். அந்த ஏற்பாடு இன்றைக்கும் நிற்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைக் கேட்டு ஏக மகிழ்ச்சி. பத்து நிமிடம் நடந்தால் ஸ்டர்ச்லி, அங்கே பப்புக்குக் குறைவில்லை என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

காற்று சரியாக அடித்தால் கோகோ வாசனை வரும். இனிப்பு வாசனை இல்லை, வறுத்த வாசனை. சனிக்கிழமை பள்ளிக்கூடக் கோபுரத்திலிருந்து கரியோன் என்கிற மணித்தொகுதி வாசிப்பார்கள், 48 மணி. முதல் வருடம் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டோம். இப்போது காதில் விழுவதே இல்லை, விருந்தாளி வந்து ‘என்ன சத்தம்?’ என்றால்தான் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை ஊர்ப் புல்வெளியான கிரீனில் ஊரே கூடிப் பாடும், அதற்கு மட்டும் தவறாமல் போவோம்.

ஆப்பிள் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் காலத்திலேயே தோட்டக் கோடியில் பழமரம் வைத்துத்தான் வீடு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் பிராம்லி மரம் எங்கள் பக்கமும் சாய்ந்திருக்கிறது. சமையல் ஆப்பிள், பச்சையாகக் கடித்தால் பல் கூசும். முதல் செப்டம்பரில் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஆப்பிள் பை என்கிற பலகாரம் சுடத் தெரியாது. நறுக்கி, நல்லெண்ணெய், கடுகு, வெந்தயப் பொடி, மிளகாய்ப்பொடி போட்டுத் தொக்கு கிளறினேன். கிளிமூக்கு மாங்காய் தோற்றது. ஒரு சின்னப் பாட்டில் பாட்டிக்கும் கொடுத்தேன். அதைச் சீஸோடு தின்கிறார். தயிர்சோறு என்று ஒன்று இருப்பதை இன்னும் நம்பவில்லை.

5 அக்டோபர்

வேலிக்குத் திரும்புகிறேன். ‘அக்கா ரொம்ப விதி பேசுகிறார்’ என்று ஒரு முணுமுணுப்பு. சரி, எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வாங்கிய வீட்டின் வாசல் கதவு வெள்ளை யூபிவிசி, அதாவது பிளாஸ்டிக். முன்பிருந்தவர் யாரையும் கேட்காமல் மாட்டியது. ஆஃபர், சர்வே எல்லாம் முடிந்து ஒப்பந்தம் பரிமாற வேண்டிய வாரத்தில் எங்கள் சொலிசிட்டர், ‘கதவுக்கு ஒப்புதல் கடிதம் எங்கே?’ என்றார். கடிதம் இல்லை. ஆறு வாரம் இழுத்தது. ஒருவர் விற்றால்தான் அடுத்தவர் வாங்க முடியும் என்கிற வரிசையில், அதாவது செயினில், எங்களுக்கு முன்னும் பின்னும் மூன்று குடும்பம், எல்லோரும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கதவுக்காக. கடைசியில் புதுக் கதவின் விலையைக் கழித்துக்கொண்டு வாங்கினோம். பொறுப்பு எங்கள் தலையில். விண்ணப்பித்தோம், ஒப்புதல் வந்தது, மரக்கதவு போட்டோம். யூபிவிசியைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட்.

அதனால்தான் சொல்கிறேன், முன்பிருந்தவர் ஒப்புதல் இல்லாமல் செய்த வேலை வாங்குகிறவர் தலையில்தான் விடியும். வீட்டைப் பார்க்கப் போகும்போது ஜன்னல், கதவு, கண்ணாடி அறை, பின் நீட்டிப்பு ஒவ்வொன்றுக்கும் கடிதம் கேளுங்கள்.

அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ‘நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன சாக்லேட் முதலாளிக்கு என் வாசலில் என்ன வேலை?’ என்று கத்தினேன். இப்போது? என் தோழி நகரத்தின் வேறு மூலையில் இருக்கிறாள். அவள் தெருவில் வரிசையாக எல்லோரும் முன்தோட்டத்தைக் கல்லாக்கிவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் நேரே தெருவுக்கு ஓடுகிறது. வாசலைத் தாண்டினால் கார், அதைத் தாண்டினால் இன்னொரு கார். என் தெருவில் கார் நிறுத்தச் சண்டை உண்டு, ஆனால் வேலிக்குள் குருவி இருக்கிறது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பெயின்ட் அடிக்கிற வருடம் மட்டும் கேட்காதீர்கள்.

6 அக்டோபர்

மில்டன் கீன்ஸ் நண்பருக்கு: நேற்று நான் கொஞ்சம் உருகிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் தரப்பிலும் உண்மை இருக்கிறது. புது எஸ்டேட்களில் பூங்காவையும் சாலையையும் கவுன்சில் எடுத்துக்கொள்ளாமல், வீட்டுக்காரர்களிடம் வருடாவருடம் நிர்வாகக் கட்டணம் வாங்குகிறார்கள். அதுவும் ஃப்ரீஹோல்ட்தான். அங்கே கட்டணம் இருக்கும், காப்பாற்ற அழகு எதுவும் இருக்காது. என் ஊர் விதியைப் புகழ்ந்தேன் என்பதற்காக அதையும் புகழ்ந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கல் பாவுவது பற்றி ஒரு பொது விதி விட்டுப்போச்சு. இங்கிலாந்தில் எங்கே இருந்தாலும், முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு, மழைநீரை மண்ணுக்குள் விடவும் வழி செய்யாவிட்டால் திட்ட அனுமதி வேண்டும். 2008இலிருந்து. நடைபாதை விளிம்பைத் தாழ்த்தினால்தான் கார் ஏறும், அதற்குக் கவுன்சிலிடம் தனி அனுமதி.

12 அக்டோபர்

கவுன்சில் வரி. 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற கணக்கில் ஏ முதல் எச் வரை பிரித்திருக்கிறார்கள், இன்றைய விலைக்குச் சம்பந்தமே இல்லை. எந்தப் பிரிவு என்று ஆன்லைனில் பார்க்கலாம். பர்மிங்காமில் 2024இல் 9.99 சதவீதமும் 2025இல் 7.49 சதவீதமும் ஏறியது. மாதக் கணக்குப் போடும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

குப்பை பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 மார்ச் 11 முதல் குப்பை அள்ளும் பணியாளர்களின் முழு வேலைநிறுத்தம் நடக்கிறது. சாதாரணக் குப்பை எடுக்கிறார்கள், மறுசுழற்சிக் குப்பை எடுப்பதில்லை. அட்டைப்பெட்டியை எல்லாம் காரில் ஏற்றி, நேரம் பதிவு செய்து, நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். பாட்டியுடையதையும் சேர்த்து. ஆப்பிளுக்கு ஈடு.

19 அக்டோபர்

மறுபடி பார்க்கப் போகிறீர்கள் என்றால் மழை நாளில் போங்கள். கூரையின் மழைநீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமையும் போங்கள், கேட்பரி வேர்ல்டு என்கிற சாக்லேட் சுற்றுலா இடத்துக்கு வருகிற கார்கள் எந்தத் தெரு வரை நிற்கின்றன என்று பார்க்கலாம். இரண்டு கார் வைத்திருக்கிறவருக்கு வாஸ்துவைவிட இது முக்கியம்.

2 நவம்பர்

பதிவேட்டு நகல் எடுத்துப் பார்த்தீர்களா, நல்லது. எஸ்டேட்டுக்குள்தான் இருக்கிறது, பின்பக்கக் கண்ணாடி அறைக்கு ஒப்புதல் கடிதம் இல்லை, இரண்டும் உறுதி. ‘அது வேண்டாம் அக்கா, விலகிவிடுகிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். கடிதத்தை விற்கிறவரே வாங்கித் தரட்டும், அல்லது விலையைக் குறைக்கட்டும். எக்ஸ்சேஞ்ச் ஆகாதவரை நீங்களும் விலகலாம் என்று அவருக்கும் தெரியும். கிங்ஸ் ஹீத்தில் என் முதுகில் குத்திய அதே கத்தி, இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

தாம்பரத்துக்கு ஆள் வந்துவிட்டார் என்பதும் நல்ல செய்தி. விற்ற தேதியும் இங்கே கம்ப்ளீஷன், அதாவது வீடு கைமாறும் தேதியும் முன்னே பின்னே ஆகிவிடாமல் சொலிசிட்டரிடம் சொல்லி வையுங்கள். ஒரு நாள் பிசகினால் 20,000 பவுண்டு.

23 நவம்பர்

விற்கிறவர் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிட்டார், பிப்ரவரிக்குள் முடியும் என்கிறார்கள். முடியும் என்கிறார்கள் என்றால் ஏப்ரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்கு அதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்துவிடாதீர்கள்.

வேலி வெட்டுகிற மின்கத்தரி என்னிடம் இருக்கிறது, புதிதாக வாங்க வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கேட்டால் தரமாட்டேன். உள்ளே கூடு கட்டியிருக்கும்.